ஜூன் 2019 முதல் மார்ச் 2020 வரை

கனடா அரசுக்கு என் பத்து வருடம் வேண்டுமாம். எந்த மாதம் எங்கே வேலை பார்த்தாய், வேலை இல்லையென்றால் என்ன செய்துகொண்டிருந்தாய், எந்த வீட்டில் குடியிருந்தாய், எந்த நாட்டுக்குப் போய் வந்தாய். நடுவில் ஒரு மாதம்கூட விட்டுப்போகக் கூடாது.

குடியேற வரச்சொல்லி அவர்கள் கூப்பிட்டது என்னை அல்ல, என் மனைவி சுருதியை. அவள் நர்ஸ். மூன்று முறை ஆங்கிலத் தேர்வு எழுதி அந்த அழைப்பை வாங்கினாள். நான் கூடப் போகிறவன். கூடப் போகிறவனும் எழுத வேண்டும். அழைப்பு வந்த அறுபது நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். நாற்பத்தெட்டு நாள் போய்விட்டது. அவள் பக்கங்கள் முதல் வாரமே முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது என் பக்கம் மட்டும்தான்.

"ஃபாரம் ஃபில் பண்றதுதானே உங்க பொழப்பே. உங்களுக்கு இவ்ளோ நாளா?" என்றாள் சுருதி.

அவள் கேட்டது நியாயம். திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பதினோரு அறை கொண்ட விடுதியில் நான் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் ஒரு நாளுக்குள் போலீசுக்கு 'சி ஃபாரம்' ஏற்ற வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தார், இந்தியாவில் என்றைக்கு இறங்கினார், இங்கிருந்து எங்கே போகிறார். நாலு நிமிடத்தில் ஒன்றை முடிப்பேன். போன மாதம் ஒரு பிரெஞ்சுக் கிழவர், அடுத்து எங்கே என்று கேட்டதற்கு மலையைக் கையால் காட்டினார். விடுதி முதலாளி தசரதன் எட்டிப் பார்த்து, "மலைன்னு எழுதினா எஸ்.ஐ. என்னைத்தான் கூப்புடுவாரு. பாண்டிச்சேரின்னு போடு நைனாரே" என்றார். பாண்டிச்சேரி என்று போட்டேன். போக இடம் தெரியாத எல்லோரையும் நாங்கள் பாண்டிச்சேரிக்குத்தான் அனுப்புகிறோம்.

என் பக்கத்தில் மட்டும் அப்படிப் போட முடியவில்லை.

சென்னையில் ஏழு வருடம் ராத்திரி வேலை பார்த்தேன். அமெரிக்காக்காரர்களின் காப்பீட்டுப் புகார்களைப் போனில் கேட்கும் வேலை. 2019 மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து நின்றது. டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தார். நான் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி போய்விட்டது. ஏன் ஏறவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. யாரும் என்னைத் திட்டவில்லை, அவமானப்படுத்தவில்லை. மறுநாளும் ஏறவில்லை. பத்தாம் நாள் என் பெயரை எடுத்துவிட்டதாக மெயில் வந்தது.

வீட்டில் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் கழித்துக்கூடச் சொல்லியிருக்கலாம். அதற்கு அப்புறம் அது வேலை போன செய்தி இல்லை, பொய் சொன்ன செய்தி. பத்து மாதம் தினமும் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வந்தவாசிப் பக்கம் என் பங்கு நிலத்தின் குத்தகைப் பணத்தைச் சம்பளம் என்று கொடுத்தேன். 2020 மார்ச்சில் எல்லா ஆபீசும் மூடியபோது, ஆள்குறைப்பில் என்னையும் எடுத்துவிட்டார்கள் என்றேன். அந்த மாதம் அதை நம்பாதவர் யாரும் இல்லை. சுருதி எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த வருடமே திருவண்ணாமலைக்கு வந்துவிட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

நாங்கள் நைனார்கள், தமிழ் ஜைனர்கள். பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ராத்திரி வேலைக்குப் போகிறவன் ஐந்தேகால் மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். சுருதி காலை டூட்டி முடித்து மூன்று மணிக்கு வந்து, படுக்காமல் எனக்கு உலை வைப்பாள். அதற்காகவே அவள் காலை டூட்டியைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள், அங்கே டூட்டி மாறி மாறி வரும் என்று மறுத்தாள். நானோ வேலையில் இருந்தவரை ராத்திரி இரண்டு மணிக்கு கேன்டீனில் முட்டை பப்ஸ் தின்றவன். வேலையை விட்ட பிறகுதான் அந்த விரதத்தை ஒழுங்காகக் காத்தேன். பக்தி இல்லை, கையில் காசு இல்லை.

அந்த ஆகஸ்டில் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்தது. விசாத் தாளும் வந்தது. "ரெண்டே வருசங்க. நீங்க வேலைய விட வேணாம். நான் மட்டும் போய்ட்டு வந்துர்றேன்" என்றாள். நான் டீம் லீடராகப் போகிறேன் என்றேன். நீ போய்விட்டால் சாயங்காலம் எனக்கு யார் பொங்கிப் போடுவார்கள் என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்து, வரவில்லை என்று அவள் அந்த மருத்துவமனைக்கு மெயில் அனுப்பினாள். உண்மை என்னவென்றால், அவள் போய்விட்டால் நான் கிளம்புவதைப் பார்க்க ஆள் இல்லை. படுக்கையிலேயே கிடந்துவிடுவேன் என்று பயந்தேன். அதற்காக அவளை நிறுத்தி வைத்தேன்.

அவளுடைய விண்ணப்பத்தில், போய் வந்த நாடுகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான்.

பி.எஃப். கணக்கைத் திறந்தால் கடைசி வரவு 2019 மே. கனடாக்காரன் அதைக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். ஆனால் பொய் என்று தெரிந்தால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அடி விழுவது எனக்கு இல்லை, அவளுக்கு. அவளுக்கு முப்பத்துநாலு வயது. வயது ஏற ஏற கனடாக்காரன் போடும் மதிப்பெண் குறையும்.

"இன்னா நைனாரே, ரெண்டு வாரமா அதே பக்கத்தயே மொறச்சிப் பாத்துனு இருக்கே?" என்றார் தசரதன்.

"வேலை விட்ட தேதி கொஞ்சம் இடிக்குதுண்ணே."

"கொரோனான்னு போட்டுடு. கொரோனாகிட்ட போய் எவன் சாட்சி கேக்கப் போறான்?"

அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் போடப் போனார். நான் ஜூன் 2019 முதல் மார்ச் 2020 வரை என்று அடித்து, எதிரே 'வேலை இல்லை' என்று போட்டேன். சுருதி கையெழுத்துப் போடும் அவசரத்தில் அந்த வரியைப் பார்க்காமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மருந்துச் சீட்டை இரண்டு முறை படிக்காமல் ஊசி போடாத ஒருத்தியைப் பற்றி அப்படி நினைத்தேன்.

மூன்றரை மணிக்கு விடுதிக்கு வந்தாள். ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. கையெழுத்துதான் பாக்கி."

"திருப்புங்க, பாக்கறேன்."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். முதல் பக்கத்தில் என் அப்பா பிறந்த தேதியைத் திருத்தினாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள். சுண்டுவிரலைத் திரையில் வைத்தாள்.

"இங்க தப்பா அடிச்சிருக்கீங்க. 2020 மார்ச்லதானே வேலை போச்சு?"

"தப்பில்ல."

"அப்டின்னா?"

"2019 மே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஃபைலைத் திறந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்தாள். அதற்குள் மடித்து வைத்த மஸ்கட் விசாத் தாள் இருந்தது. விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதிவிடலாம் என்று கொண்டு வந்திருந்தாள். தாளைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். நான் விளக்க ஒன்றுமில்லை. இரண்டு தேதிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"ஆகஸ்ட்ல நீங்க வேலைக்கே போகல."

"இல்ல."

"சாப்ட்டுட்டு எங்க போவீங்க?"

"பெருங்களத்தூர். வெளியூர் பஸ் நிக்கிற எடம். விடியற வரைக்கும் ஜனம் இருக்கும். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"பத்து மாசமும்?"

"ம்."

"பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி."

"ஆமா."

உள்ளிருந்து தசரதன் குரல் கொடுத்தார். "சிஸ்டருக்கு டீ சொல்லவா நைனாரே?"

"வேணாங்கண்ணே, இப்பதான் குடிச்சேன்" என்றாள் சுருதி. குரல் மாறவில்லை. பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஒருநாள் எனக்கு நூத்திரெண்டு ஜுரம். அன்னிக்கும் எழுந்து சோறு வடிச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குது."

"அன்னிக்கு லீவு போடுங்கன்னேன். ஆபீஸ்ல ஆடிட் இருக்கு, முடியாதுன்னீங்க."

"சொன்னேன்."

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ங்க."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. ஆறு வருடம் கழித்து, அதுவும் படிவம் சொன்ன பிறகு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள். பக்கத்தை மேலே தள்ளினாள். கணவர் உடன் வருகிறாரா என்ற கேள்வியில் 'ஆம்' என்று இருந்தது. அதை 'இல்லை' என்று மாற்றினாள். இப்படிச் செய்தால் விவரங்களை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும், தொடரவா என்று திரை கேட்டது. அவள் ஒருமுறைதான் படித்தாள். தொடர் என்று அழுத்தினாள். என் பக்கம் முழுவதும் வெறுமையாகிவிட்டது.

"உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் இல்ல. ஃபைல் இழுத்தடிக்கும். நான் மொதல்ல போறேன், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அவள் சொன்ன காரணத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது காரணம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் என்பது எப்போது என்று நான் கேட்கவில்லை.

"அப்ப நான் எழுத வேணாமா?"

"கூட வராதவங்களும் எழுதணும். குடும்பத்துல யாரா இருந்தாலும் எழுதணுமாம். மெடிக்கலும் எடுக்கணும்." விசாத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள். "அடிங்க, நான் படிக்கிறேன். 2015லேர்ந்து."

படிவத்துக்காக நான் தாளில் எழுதி வைத்திருந்த குறிப்பிலிருந்து அவள் ஒவ்வொரு மாதமாகப் படித்தாள். நான் அடித்தேன். ஜூன் 2019 வந்தபோது நிறுத்தவில்லை. வார்டில் அடுத்த நர்ஸுக்கு நோயாளியை ஒப்படைக்கும்போது வாசிப்பது போல, வேலை இல்லை என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். நாலரை மணிக்கு முடிந்தது. ஃபைலைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மெடிக்கல் வியாழக்கிழமை. சென்னைல. காலைலயே கெளம்பணும். உங்களுக்கு லீவு கெடைக்குமா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"கெடைக்கும்" என்றேன்.

"தசரதன் அண்ணன்கிட்ட நானே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.