எட்டாவது புள்ளி

காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு வார்டன் நகப்பூச்சுப் புள்ளிகளை எண்ணினாள். பேட்டரியில் ஒன்று, ரேடியேட்டர் மூடியில் ஒன்று, கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒன்று, பிறகு டைனமோ, ஹாரன், காயில், ஏர் ஃபில்டர் மூடி. ஏழு. நேற்று வண்டியை இங்கே கொண்டுவந்து விடுவதற்கு முன் அவள் வைத்தது எட்டு. கிளட்ச்சுக்கு எண்ணெய் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கழுத்தில் வைத்ததைக் காணவில்லை. மறுபடி எண்ணினாள். ஏழுதான்.

பெண்கள் விடுதியில் இருபத்திரண்டு வருடமாக வார்டனாக இருப்பவளுக்கு இது கைப்பழக்கம். வாளி, தட்டு, பூட்டு எதுவானாலும் நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் என்னுது உன்னுது சண்டை வராது. முதுகுக்குப் பின்னால் பெண்கள் தன்னைப் பொட்டு வார்டன் என்று சொல்வது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஷெட், தங்கை வீட்டு வாசலை ஒட்டியது. தங்கையின் கணவர்தான் மெக்கானிக். போன மாதம் கிளட்ச் மிதி பஞ்சு மாதிரி அமுங்கி, கியர் கரகரவென்று கத்தியபோது, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் கீழ் சிலிண்டர் ஒழுகுகிறது என்று சொல்லிப் புதிது போட்டிருந்தார். மூன்றே வாரத்தில் மிதி மறுபடி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்க் கிண்ணம் பாதி காலி. நான்கு நாள் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. ஒழுகாத எண்ணெய் எங்கே போகும்? "சொந்தக்காரங்கிட்ட வண்டி விட்டா வாயத் திறந்து கேக்க முடியாது. அதுதான் அவங்களுக்கு வசதி," என்று விடுதி சமையற்காரி சொன்னது முள்ளாகத் தைத்துவிட்டது. நல்ல பாகத்தைக் கழற்றிப் பழசை மாட்டினால் தெரியட்டும் என்றுதான் நேற்று புள்ளி வைத்தாள்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு யாரையும் கேட்காமல் சமையலறை வரை போகிற வீடு, உலகத்தில் இது ஒன்றுதான். கேட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். கேட்காவிட்டால் ஏமாந்தவளாக இங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்கக்கா. காலையிலேயே வந்துட்டீங்க?"

"மேல இருக்கிற சிலிண்டரை மாத்திட்டீங்களா தம்பி?"

"இன்னும் கையே வைக்கலையே."

"யாரும் கழட்டலையா?"

"பூட்டின ஷெட்டுக்குள்ள யாருக்கா வந்து கழட்டப் போறா?"

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பழகிய பொய்யும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. விடுதியில் எத்தனை முகம் பார்த்திருக்கிறாள்.

தங்கை டீயோடு வந்தாள். தம்ளரை வைக்க இடம் தேடிய கை பேட்டரிக்கு மேலே அப்படியே நின்றது. குனிந்து பார்த்தாள். பிறகு ரேடியேட்டர் மூடியை. பிறகு காயிலை.

"இது நான் உனக்குக் குடுத்த நகப்பூச்சுக் கலர்தானேக்கா?"

வார்டன் தலையாட்டினாள். அந்த விடுதிப் பழக்கத்தைத் தங்கைக்கு விளக்கத் தேவையும் இல்லை.

"இவ்வளவுதானா, இல்ல இன்னும் இருக்கா? என் புருஷன் நெத்தியிலயும் ஒண்ணு வச்சிடேன். மாறிடப் போறாரு."

தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக் எஞ்சினைக் குனிந்து பார்த்தார். கோபப்படுவார் என்று வார்டன் காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"சிலிண்டர்லயும் வச்சிருந்தீங்களா? எந்த இடத்துல? சரியாக் காட்டுங்க."

காட்டினாள். அந்த இடத்தை அவர் நகத்தால் சுரண்டினார். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருந்த தகட்டுச் சுவரோடு சிலிண்டர் சேரும் விளிம்பில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. விரல் நுனி ஈரமாக மின்னியது. எண்ணெய் டப்பாவில் விரலை முக்கி, பேட்டரியின் மேலிருந்த புள்ளியில் வைத்துத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அது கரைந்து சிவப்புச் சேறானது. துணியால் துடைத்தார். இடம் வெறுமையாக இருந்தது.

"பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னுடும்க்கா. கிளட்ச்சுக்கும் இதேதான் ஊத்துறோம். உங்க பொட்டை நான் எடுக்கல. ஒழுகி அதுவே எடுத்துக்கிச்சு."

கார் கதவைத் திறந்து, மிதிக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். உள் விரிப்பு ஊறிக் கறுத்திருந்தது. எண்ணெய் வெளியே சொட்டவே இல்லை. மிதிக் கம்பி வழியாக உள்ளே இறங்கி அங்கேயே தங்கியிருக்கிறது. இடது செருப்பு மட்டும் சில நாளாகப் பிசுபிசுத்ததை வார்டன் நினைத்துக்கொண்டாள். தெருச் சேறு என்று கழுவியிருந்தாள்.

"போன மாசம் கீழ பார்த்தேன், அங்க ஈரமா இருந்துச்சு. மேல பார்க்காம விட்டது என் தப்புதான்," என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவளுக்கு மறுபடி உறுத்தியது. பிறகு அந்த உறுத்தலே வெட்கமாக இருந்தது.

பழைய சிலிண்டரைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார். உள்ளிருந்த ரப்பர் வளையம் விளிம்பில் பிளந்திருந்தது. புதியதைப் பூட்டி எண்ணெய் ஊற்றினார். குழாய்க்குள் காற்று இருந்தால் மிதி நிற்காது, அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். எப்போதும் மிதியை மிதிக்க உட்காருவது தங்கை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

"நீங்களே உக்காருங்கக்கா. மிதின்னா மிதிங்க. பிடின்னா அப்படியே பிடிச்சுக்கங்க. நடுவுல காலை எடுத்துட்டா காத்து திரும்ப உள்ள போயிடும். மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

அவர் வண்டிக்கு அடியில் போனார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்.

"மிதிங்க. பிடிங்க." கீழே குழாயிலிருந்து பாட்டிலுக்குள் குமிழிகள் போகும் சத்தம். "விடுங்க. மிதிங்க."

ஐந்தாவது தடவை, பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு கை தெரிந்தது. தங்கையின் கை. எண்ணெயில் நனைத்த துணி. காயிலின் மேலிருந்த புள்ளியைத் தேய்த்தது, அவசரமே இல்லாமல், பாத்திரம் துலக்குவது போல. பிறகு ஹாரன். பிறகு டைனமோ. எழுந்து போய் அந்தத் துணியை வாங்கிக்கொள்ளலாம் என்று வார்டனுக்குத் தோன்றியது.

"விட்டுடட்டுமா தம்பி?"

"இல்லக்கா. பிடிங்க. நல்லா பிடிங்க."

மிதி முதல் தடவையாகக் காலுக்கு எதிராக நின்றது. கை கார்புரேட்டருக்கு நகர்ந்தது. அது போனால் இன்னும் இரண்டு புள்ளி.