பனியாலி ஆறு வந்த வீடு

பனியாலி என்ற ஊரை அடித்துக்கொண்டு போன ஆறு, அதே வருடம் இலையுதிர்காலத்தில், ஒஸ்லோவின் தென்கிழக்கே ஹொல்ம்லியாவில், கரோலினா வீட்டுக் குளியலறைக் குழாயில் வரத் தொடங்கியது. முதலில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல வந்தது. கரோலினாவின் கணவன் பிலேந்திரன், குழாய் கறள் பிடித்துவிட்டது என்று நினைத்து, கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று திறந்துவிட்டான். சாயம் சேறானது. சேற்றோடு மணல் வந்தது, மணலோடு லிச்சி இலைகள் வந்தன. குடியிருப்புச் சங்கம் அனுப்பிய, குழாய் திருத்தும் போலந்துக்காரர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், நல்ல தண்ணீர். கீழ்வீட்டில் பார்த்தார், அங்கேயும் நல்ல தண்ணீர். குளியலறைக் குழாயைக் கழற்றியபோது சுவரிலிருந்து ஒரு சின்ன மீன் அவருடைய சப்பாத்தில் விழுந்தது. அவர் அதை வாளியில் போட்டார், புதுக் குழாய் பூட்டினார், குழாயில் ஒரு பிழையும் இல்லை, பிழை ஆற்றில்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். சங்கத்துக்கும் அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

பனியாலி இந்தியாவின் வடக்கே, இமயமலை அடிவாரத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருந்த சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு இரும்புப் பாலம், ஒரு பஸ் நிலையம், சுற்றிவர லிச்சித் தோட்டங்கள். மன்னாரில் பிறந்து, யுத்தத்துக்குத் தப்பி வந்து, ஹொல்ம்லியா முதியோர் இல்லத்தில் துணி தோய்த்துக்கொண்டிருந்த கரோலினாவுக்கு அந்த ஊரோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. அவளுடைய ஒரே மகள் நோரா துரொண்ட்ஹெய்மில் ஆறுகளைப் பற்றிப் படித்தாள். படிப்பு முடிந்த கையோடு பனியாலியில் ஆற்றுநீரை அளக்கும் வேலை கிடைத்தது. "தண்ணி அளக்கிறதுக்கும் ஒரு படிப்போ?" என்று கரோலினா சிரித்தாள். ஊரின் பெயரைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பனியாலி. பெயரிலேயே பனி கிடக்கிறது. போதாக்குறைக்கு இமயமலை. நோரா பிறந்ததே பனியில், நடக்கப் பழகியதே பனியில் என்று பிலேந்திரன் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், கம்பளி உள்ளாடைகளையும் தடித்த காலுறைகளையும் பெட்டிக்குள் அமுக்கி வைத்தாள். மகள் போன நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் செபமாலை சொன்னாள். பிள்ளை பனியில் சறுக்கக்கூடாது, பனியில் புதையக்கூடாது, பனி பிடித்து நெஞ்சுச்சளி வரக்கூடாது. மாதாவிடம் இப்படி ஒவ்வொன்றாக விளங்கப்படுத்திக் கேட்டாள்.

தாய்க்கும் மகளுக்கும் இடையில் ஒரேயொரு தீராத வழக்கு இருந்தது. நோரா வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்பாள். பள்ளிக்கூடம் போனாலும் போறன், கடைக்குப் போனாலும் போறன். அப்படிச் சொல்லக்கூடாது, போய்விட்டு வருவதாக, போட்டு வாறன் என்று சொல்ல வேண்டும், செத்தவர்கள்தான் வராமல் போவார்கள் என்று கரோலினா கதவை மறித்து நிற்பாள். நொர்வேஜிய மொழியில் நான் போகிறேன் என்று சொல்லி இதுவரை ஒருவரும் சாகவில்லை என்று நோரா திருப்பிச் சொல்வாள். திருத்திச் சொல்லும்வரை கதவு திறக்காது. ரயில் தவறிய காலைகள் உண்டு, அழுது முடிந்த காலைகளும் உண்டு. ஆனால் பனியாலிக்குப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமலே நோரா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "போட்டு வாறன் அம்மா" என்றாள். கரோலினாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னாள்.

ஆகஸ்டில் ஒரு காலை மலைக்கு மேலே மேகம் உடைந்து கொட்டியது. ஆறு ஒரே மூச்சில் இறங்கி வந்து பாலத்தையும் கடைத்தெருவையும் பஸ் நிலையத்தையும் எடுத்துக்கொண்டு போனது. வெளிநாட்டு அமைச்சிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் மிகவும் பண்பாகக் கதைத்தாள். தேடினார்கள், பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். நோராவின் உடல் கிடைக்கவில்லை. பிலேந்திரன், இறந்தவர்களுக்குக் கொடுக்கும் இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்க விரும்பினான். பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தான். பிள்ளையின் ஆன்மா எங்கே நிற்கிறதோ என்ற நினைப்பு அவனைத் தின்றது. கரோலினா சம்மதிக்கவில்லை. "வாறன் எண்டு வாயால சொல்லிப்போட்டுப் போன பிள்ளைக்குப் பூசையோ?" என்று கேட்டாள். சுவாமியார் வந்து கதைத்தபோதும் அதையேதான் கேட்டாள். பிறப்பில் இருந்து பொய் சொல்லாத பிள்ளை, முதல்முறை ஒழுங்காகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் விடுமா? அந்த ஒரு சொல்லில்தான் கரோலினா உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அதனால் குழாயில் ஆறு வந்தபோது அவள் ஆச்சரியப்படவில்லை. வழி திறந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

வேலையை விட்டுவிட்டு, குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மாவரிக்கும் அரிதட்டைக் குழாயின் கீழே பிடித்தாள். கண்ணாடி வளையல் துண்டுகள் வந்தன, ஒற்றைச் செருப்பு வந்தது, பள்ளிக்கூடத்துப் பித்தளை மணி வந்தது. பிறகு கதவுகளும் சைக்கிள்களும் ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடியும் வந்தன. பெருவிரல் அகலக் குழாய்க்குள்ளால் பஸ் கண்ணாடி எப்படி வரும் என்று கேட்டவர்களிடம், கண்ணாடியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள் கரோலினா. அவர்களும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிலேந்திரன் துடைத்து நிலவறையில் அடுக்கினான். கடைப் பெயர்ப்பலகைகள் வரத் தொடங்கியதும், கீழ்வீட்டில் இருந்த ஸ்ரீதரனைக் கூப்பிட்டார்கள். அவன் மதுரைப் பையன், கணினி வேலைக்கு ஒஸ்லோ வருமுன் டெல்லிப் பக்கம் சில வருடங்கள் இருந்தவன், இந்தி தெரியும். ஒவ்வொரு பலகையாக வாசித்து வந்தவன், பாலத்தடியில் நின்ற ஊர்ப்பெயர்ப் பலகையைக் கண்டதும் நின்றான்.

"பனியாலி. தண்ணி ஊருன்னு அர்த்தம் ஆன்ட்டி."

"பனி எண்டால் பனியெல்லோ தம்பி?"

"அது நம்ம தமிழ்ல ஆன்ட்டி. இவங்க இந்தியில பானின்னா தண்ணி. அங்கெல்லாம் பனியே விழாது, லிச்சி காய்க்கிற ஊராச்சே."

கரோலினா அரிதட்டைக் கீழே வைத்தாள். அத்தனை மாலைகளும் அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துத்தான் இருந்தது. பனி அவள் பிள்ளையை ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. "நான் பனிக்கெல்லோ தம்பி மண்டாடினனான்," என்றாள். மன்றாடியதைத்தான் சொல்கிறாள் என்று ஸ்ரீதரனுக்கு விளங்கவில்லை. ஆனால் அவளுடைய முகம் விளங்கியது. அவன் பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் செருப்பையும் மறந்து இறங்கிப் போனான்.

முதற்பனி விழுந்த கிழமை அதே குழாயால் ஆட்களும் வரத் தொடங்கினார்கள். பலர் வரவில்லை. ஒரு தேநீர்க் கடைக்காரர் வந்தார், துவாயை வாங்கித் தலை துவட்டினார், ரயில் நிலையத்துக்கு வழி கேட்டுப் போய்விட்டார். அவருக்குப் பிறகு முடிவெட்டும் யாசீன் தன் சுழல்நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். கத்தரிக்கோல் சட்டைப்பையில் இருந்தது. கரோலினா அவருக்குச் சூடாகத் தேநீர் கொடுத்து, நோராவின் படத்தைக் கையில் வைத்தாள். ஸ்ரீதரன் இடையில் நின்று மொழி மாற்றினான்.

யாசீனுக்கு நோராவை நன்றாகத் தெரிந்திருந்தது. ஆறு அளக்கும் பெண். தினமும் காலையில் அவருடைய கடையைத் தாண்டித்தான் ஆற்றின் மேற்பக்கம் போவாளாம். போகும்போது கடைத்தெரு முழுவதற்கும் கேட்க "வாறன்" என்று கத்துவாளாம். எங்கள் ஊரில் போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்வோம், இல்லாவிட்டால் அம்மா கதவு திறக்கமாட்டார் என்று சொல்லிச் சிரிப்பாளாம். கடைத்தெருவே அந்தச் சொல்லைப் பழகிவிட்டது, பால்காரன்கூட வாறன் சொல்லித்தான் சைக்கிளைத் திருப்புவான். கரோலினா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவளுடைய கை சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. கடைசிக் காலை மழை பலமாக இருந்தது, நோரா அவசரமாக ஓடினாள், அன்றைக்கும் கத்தினாள், ஆனால் வேறு மாதிரி என்றார் யாசீன். எப்படி என்று ஸ்ரீதரன் கேட்டான். யாசீன் கண்ணை மூடி, அந்தச் சத்தத்தை நினைவில் தேடி எடுத்து, அச்சொட்டாகச் சொன்னார்.

"போறன்."

இரண்டும் ஒன்றுதானே என்று அவர் ஸ்ரீதரனிடம் கேட்டார். ஸ்ரீதரன் கரோலினாவைப் பார்த்தான். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

"எத்தினை தரம் சொன்னனான்," என்றாள் கரோலினா. கோபந்தான் முதலில் வந்தது. "அப்பிடிச் சொல்லக்கூடாது எண்டு எத்தினை தரம் பிள்ளை சொன்னனான்." பிலேந்திரன் அவளைப் பிடித்து முக்காலியில் இருத்தினான். ஆகஸ்டிலிருந்து அழாத அழுகையை அவள் அன்று அழுதாள். பிலேந்திரனும் அழுதான். யாசீன், தான் சொன்னதில் என்ன பிழை என்று தெரியாமல் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அழுது ஓய்ந்ததும் கரோலினா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிக் குழாயைத் திறந்தாள். சேற்றுத் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. புறப்படும் பிள்ளையைப் பார்த்துப் போ என்று தமிழில் எந்தத் தாயும் சொல்வதில்லை. போட்டு வா என்றுதான் சொல்வாள், அவளும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சொன்னவள். கரோலினா தண்ணீருக்குள் கையை வைத்தாள்.

"போ பிள்ளை," என்றாள். "போ."

தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கலாக ஓடி, சாயம்போல மெலிந்து, பிறகு தெளிந்தது. ஒஸ்லோவின் மற்றக் குழாய்களில் வருவதுபோல நல்ல தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், உள்ளே ஒரு மணல்கூட இல்லாத தண்ணீர். கரோலினா அரிதட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. அடுத்த சனிக்கிழமை இளைப்பாற்றிப் பூசை நடந்தது, ஸ்ரீதரனும் வந்து கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

பனியாலியின் பலகைகள் இன்னமும் நிலவறையில் இருக்கின்றன, சங்கம் அதற்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறது. யாசீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டுத் தொழில் செய்கிறார், ஹொல்ம்லியாவில் பாதிப் பேர் அவரிடந்தான் முடி வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிலேந்திரனுக்கு முடி வெட்ட வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுவார். சில ஞாயிறு வாறன் என்கிறார், சில ஞாயிறு போறன் என்கிறார், இரண்டும் ஒன்று என்றுதான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறார். கரோலினா திருத்துவதில்லை, கதவைத் திறந்துவிடுகிறாள்.