நூற்றுப் பன்னிரண்டு பச்சை

அண்ணி எனக்குக் கொடுத்தது கூட்டிப் பெருக்குகிற வேலை. "டெஸ்ட் ஸ்கிரிப்டெல்லாம் கன்னாபின்னான்னு கிடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கு பண்ணிடு," என்றாள். சரி என்றேன். நான் கை வைத்தால் எதுவும் ஒழுங்காகிவிடும். என் அண்ணனே அதை ஒப்புக்கொள்வான்.

அண்ணி மருந்துக்கடை வைத்திருக்கிறாள். பாட்டிலில் ஒட்டும் லேபிளை அச்சடிக்க அவள் தொடங்கிய மென்பொருள் இப்போது ஓப்பன் சோர்ஸ். யாரும் இலவசமாக எடுத்து ஓட்டலாம், திருத்தலாம். நாற்பது கடைகளில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வரும் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். யார் எதைத் திருத்தினாலும் நூற்றுப் பன்னிரண்டு ஸ்கிரிப்டுகள், அதாவது குட்டி நிரல்கள், ஓடி லேபிளைச் சோதிக்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. இரண்டு வருடமாக ஒரு சிவப்பு கூட வந்ததில்லை. எங்களுக்கு அதில் ஒரே பெருமை.

புதன்கிழமை காலை, கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் ஸ்கிரிப்டின் கடைசி வரி, என்ன நடந்தாலும் 'சரி' என்று சொல்லிவிட்டு முடி என்றது. அடப்பாவமே! இரண்டாவதிலும் அதே வரி. மூன்றாவதிலும்.

"அண்ணி, இங்க வாங்க. எல்லாத்துலயும் கடைசில 'சரி'ன்னு முடிக்கச் சொல்லுதே, இது யார் பார்த்த வேலை?"

கவுன்டரிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அதுவா? அன்னிக்கு மெஷின் மந்தமா இருந்துச்சு, சும்மா சும்மா சிவப்பு காட்டுச்சு. தற்காலிகமாதான் போட்டேன்."

அவள் போட்டது ஒரே ஒரு ஸ்கிரிப்டில். ஆனால் இந்த மென்பொருளுக்கு எழுதுகிற எங்கள் கூட்டத்தில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. அதைத்தான் காப்பியடித்து நடுவில் மாற்றுவோம். கடைசி வரியை எவர் பார்த்தார்?

நூற்றுப் பன்னிரண்டிலிருந்தும் அதைப் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். ஒன்பது சிவப்பு.

"மறுபடி போட்டுடு," என்றாள் அண்ணி. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம். நாற்பது பேருக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"

"போட மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டு அனுப்பறதுக்கு டெஸ்ட் எதுக்கு?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது.

எட்டு சிவப்பு ஒன்றுமில்லாத விஷயம். ஃபைல்கள் இடம் மாறியிருந்தன. மதியத்துக்குள் முடித்தேன். ஒன்பதாவது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. அரை மில்லி என்று அச்சாக வேண்டியது ஒரு மில்லி என்று அச்சானது. லேபிள் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று யாரோ எண்களையெல்லாம் முழு எண்ணாக்கியிருந்தார்கள். யாரென்று தேடினேன். நான்கு மாதத்துக்கு முன், நான்.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. அப்படியும் ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அண்ணி, இதை நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

வந்து திரையைப் படித்தாள். "நல்ல வேளை, இன்னும் வெளிய போகலை." திரையிலிருந்த 'ஒரு மில்லி'யை விரலால் தொட்டாள். "போயிருந்தா, ஒரு மில்லி கொடுங்கம்மான்னு என் வாயாலயே சொல்லிக் கொடுத்திருப்பேன்டி."

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு நாற்பது கடைகளுக்கும் எழுதினாள். எல்லா லேபிளையும் மறுபடி சோதிக்க வேண்டும், பதிப்பு ஒரு வாரம் தள்ளிப்போகிறது, சோதனைகளின் வாயைக் கட்டியது நான் என்று தன் பெயரையும் போட்டாள். கீபோர்டை வாங்கி, எண்களைக் கெடுத்தது நான் என்று என் பெயரோடு சேர்த்தேன். அவள் தடுக்கவில்லை. அனுப்பினோம்.

"இன்னொரு தடவை எல்லாத்தையும் ஓட்டு, நான் பார்க்கணும்."

ஓட்டினேன். நூற்றுப் பதினொன்று பச்சை, ஒன்று சிவப்பு: நான் இன்னும் திருத்தாத சொட்டு மருந்து.

"ம், இப்போ சரி," என்றாள் அண்ணி.