மறுநாள் குழம்பு

ஹில்டாவின் ஆள்காட்டி விரல் கீழே பார்த்தபடி சின்னதாக ஒரு வட்டம் போட்டது. அருள்பிரகாசம் அடுப்பைத் தணித்தார். விரல் இன்னொரு வட்டம் போட்டது. இன்னும் தணித்தார். சட்டியில் வெந்தயமும் பூண்டும் நல்லெண்ணெயில் சிவந்துகொண்டிருந்தன. அவருக்கு அது போதும் என்று தோன்றியது. ஆனால் அவருக்குத் தோன்றுவதை இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

கூடத்தில் கிடந்த கட்டிலை ஆறு மாதத்துக்கு முன்பே அடுப்படிக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். தொண்டையில் ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து ஹில்டாவுக்குப் பேச்சு இல்லை. மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய் வந்தது. சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக இறங்கியது. அதனால் ருசியும் போய்விட்டது, வாசனையும் போய்விட்டது. கண்ணும் காதும் விரலும் மட்டும் மிச்சம். அந்த மூன்றை வைத்துக்கொண்டே அவள் புருஷனுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தாள்.

அருள்பிரகாசம் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். கப்பலின் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. கீழே நிற்கிற ஆளின் கைதான் அவனுக்குக் கண். விரல் மேலே சுற்றினால் தூக்கு. கீழே சுற்றினால் இறக்கு. கையை மடக்கினால் நிறுத்து. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டால் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும், நான் சொல்கிறவரைக்கும் ஒன்றையும் தொடாதே என்று அர்த்தம். எழுதி எழுதி ஹில்டாவின் விரல் சோர்ந்துபோவதைப் பார்த்துவிட்டு, விளையாட்டு போலத்தான் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டு அவரை ஆட்டிப்படைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். அதில் அவர் அடுப்படிக்குள் போனதெல்லாம் பீடிக்குத் தீப்பெட்டி எடுக்க மட்டும். அந்த மனிதர் இப்போது சின்ன வெங்காயம் உரிக்கிறார் என்றால் அதற்குக் காரணம் ஒரு தினசரிக் காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் ஹில்டா எழுதியிருந்தாள்: 'ஆறு கொழம்பு ஒழுங்கா வெச்சிட்டின்னா நீ இந்த வூட்லயே இரு. இல்லாட்டி டெபோரா கூடப் போயிடு. டீயும் பன்னும் துன்னுகினு கெடக்கக் கூடாது.'

டெபோரா ஒரே மகள். பெரம்பூரில் இருந்தாள். அவள் புருஷனுக்கு ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்குப் பிறகு அப்பாவைத் தனியே விடமாட்டேன் என்று அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அப்பாவின் துணிகளை எடுத்துப்போக ஒரு பையைக்கூடப் போன மாதமே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பயம்தான். அருள்பிரகாசத்துக்கோ ராயபுரத்தை விட்டால் மூச்சு முட்டும். பெரம்பூரில் கடல் இல்லை, கப்பல் சங்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹில்டா நடந்த தரை அங்கே இல்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சாம்பார், காரக்குழம்பு, முட்டைக் குழம்பு, கறிக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு என்று ஐந்தில் தேறிவிட்டார். ஆறாவதான மீன் குழம்புதான் காலை வாரியது. முதல் தடவை கரண்டியைப் போட்டுக் கிண்டியதில் மீன் முள்ளும் சதையுமாகக் கரைந்துபோயிற்று. இரண்டாம் தடவை புளி. மூன்றாம் தடவை என்ன தப்பு என்று அவருக்கே தெரியவில்லை, மோந்து பார்த்துவிட்டு நகர்ந்த தெருப் பூனைக்குத் தெரிந்திருந்தது. இது நாலாவது. காலையில் காசிமேட்டுக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, சங்கரா மீன் வாங்கி வந்திருந்தார்.

தக்காளி குழைந்தது. மிளகாய்த்தூள் விழுந்தது. ஹில்டாவின் விரல் மேலே சுற்றியபோது புளித்தண்ணீர் ஏறியது. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டாள். கொதி முதலில் தண்ணீராகச் சத்தம் போடும், எண்ணெய் பிரிந்ததும் சத்தம் கனத்துவிடும். அந்த வித்தியாசத்தைப் பிடிக்க அவருக்கு நாலு மாதம் ஆயிற்று. இன்று அவள் விரல் அசைவதற்கு முன்பே அவர் மீன் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஹில்டா கண்ணைத் திறந்து பார்த்தாள். உதட்டோரம் லேசாக ஒரு கேலி.

துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கரண்டியைத் தொடவில்லை. சட்டியின் விளிம்பை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, சுமை ஆடாமல் கிரேனின் கையைத் திருப்புகிற மாதிரி, மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். ஹில்டாவின் கை மடங்கியது. அடுப்பை அணைத்தார்.

ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நிறத்தைக் காட்டினார். நாக்கில் விட்டுப் பார்த்தார். சூட்டில் ஒன்றும் தெரியவில்லை.

"உப்பு போதுமா ஹில்டா? இன்னா சொல்ற?"

ஹில்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்பே எழுதிக் காட்டியிருந்தாள்: மீன் குழம்பு அன்றைக்கே எதுவும் சொல்லாது, மறுநாள்தான் சொல்லும். இன்று எழுதுவதற்குத் தாளைக் கேட்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சின் மேல் கொண்டுவந்தாள். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. பிறகு விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

"சரி, தொடல," என்றார் அருள்பிரகாசம். சட்டியைத் தட்டால் மூடிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

பத்தரை மணி வெயில் ஜன்னல் வழியே சுவரில் விழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாகச் சங்கு ஊதியது. வெங்காயம் உரித்த அலுப்பில் அவர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். கேபினில் இருப்பது போல இருந்தது. சுற்றிலும் பனி. கொக்கியில் என்ன தொங்குகிறது என்று தெரியவில்லை. கீழே ஆள் யாரும் இல்லை. பனிக்குள் கோத்த கை இரண்டு மட்டும் தெரிந்தன. அவர் எதையும் அசைக்காமல் காத்திருந்தார். பயமாகவே இல்லை. இப்படியே எவ்வளவு நாளானாலும் இருக்கலாம் போலிருந்தது.

கண் விழித்தபோது வெயில் சுவரை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. கழுத்துத் துளையில் எப்போதும் கேட்கிற சீழ்க்கைச் சத்தம் இல்லை. கை கோத்தபடியே இருந்தது. அருள்பிரகாசத்துக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த சைகை வரும் என்று உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முன்னால் தான் போகவேண்டும் என்று எத்தனையோ தடவை வேண்டியிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு டெபோரா வழக்கம்போல வந்தாள். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"எப்ப நைனா?"

"தெர்ல. கையக் கோத்தா. நான் குந்திகினு இருந்தேன்."

அதற்குப் பிறகு வீடு அவருடையதாக இல்லை. நாற்காலிகள் வந்தன. ஐஸ் பெட்டி வந்தது. தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஹில்டாவின் தங்கை ஜானட் வந்து அழவேண்டியதை அழுது முடித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். சாவு விழுந்த வீட்டில் ஆக்கி வைத்தது எதுவும் இருக்கக் கூடாது. அடக்கம் முடிந்து தலை முழுகிவிட்டு வருகிறவரைக்கும் அடுப்பும் எரியக் கூடாது. பங்குச் சாமியார் இதெல்லாம் வேதத்தில் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார், ஆனால் ஜானட்டுக்கு அவருடைய அனுமதி தேவைப்பட்டதில்லை. காலைச் சோற்றையும் பாலையும் கொட்டிவிட்டு, மீன் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

அருள்பிரகாசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"அத்த வைய்யி ஜானட்."

"இன்னா மாமா நீ. அக்கா அங்க கெடக்குது, நீ கொழம்புக்கு நிக்கிற."

"உங்கக்கா தொடாதன்னு சொல்ட்டுப் போயிருக்கா. அவ சொல்றவரிக்கும் தொடக் கூடாது."

ஜானட் டெபோராவைப் பார்த்தாள். மனிதர் குழம்பிவிட்டார் என்று அவள் பார்வை சொன்னது. பொண்டாட்டி செத்த அன்றைக்கு மீன் சட்டிக்காக மல்லுக்கு நிற்கிற ஆளை ராயபுரம் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை. அந்தச் சட்டி சாக்கடைக்குள் போய்விட்டால் அது எப்படி இருந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

மாடிவீட்டு டோரதிதான் வழி பண்ணினாள். இந்த வீட்டில்தானே இருக்கக் கூடாது, என் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிச் சட்டியை வாங்கிக்கொண்டாள். முன்வாசலில் ஆட்கள் சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கப் படியில் மீன் குழம்பு மாடிக்கு ஏறியது. அருள்பிரகாசம் கடைசிப் படிவரைக்கும் அதைக் கண்ணால் அனுப்பிவைத்தார்.

குளிப்பாட்டிப் பட்டுப்புடவை கட்டி, ஹில்டாவின் கையில் ஜபமாலையைச் சுற்றிக் கோத்து வைத்தார்கள். அருள்பிரகாசம் குனிந்து பார்த்தார். இது ஜானட் கோத்த கை. ஹில்டா எப்போதும் இடது கட்டைவிரலை மேலே வைப்பாள். இதில் வலது விரல் மேலே இருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும் போலிருந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கோயிலில் பூசை முடிந்து காசிமேடு கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்தது. அருள்பிரகாசத்தின் கை தானாக எழுந்தது. மெதுவா, மெதுவா என்று காட்டினார். கயிறு பிடித்திருந்தவர்களுக்கு அந்தச் சைகை தெரியாது. ஆனாலும் எப்படியோ பெட்டி நேராகிச் சமமாக இறங்கியது. கடல் பக்கமிருந்து காற்று வந்து பூவிதழ்களை மண்ணுக்குள் தள்ளியது.

வீட்டுக்குத் திரும்பித் தலை முழுகியபோது ஐந்து மணி. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மெத்தையைச் சுருட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டதால் கட்டில் வெறும் சட்டமாகக் கிடந்தது. டெபோரா அதன் அடியிலிருந்து பையை இழுத்து, அலமாரியைத் திறந்து அப்பாவின் சட்டைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

"ஏழாம் நாள் பூசைக்கு வந்துக்கலாம் நைனா. இப்ப எங்கூட வா. நீ இங்க தனியா கெடந்தா எனக்குத் தூக்கம் வராது."

டோரதி சட்டியைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள், ஒரு பாத்திரத்தில் சுடுசோறும் கூடவே. அவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். தீயைத் தணித்தார், இன்னும் கொஞ்சம் தணித்தார். தட்டைத் தூக்கினார். மேலே எண்ணெய் செம்பு நிறத்தில் தெளிந்து நின்றது. துண்டுகள் உடையவில்லை. வாசனை கூடம்வரைக்கும் போனது. டெபோராவின் கை சட்டையோடு அப்படியே நின்றது.

கொஞ்சம் கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். புளி இறங்கியிருந்தது. காரம் அடங்கியிருந்தது. உப்பு ஒரு சிட்டிகை குறைந்தது.

குறைந்தது என்பது தெரிந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்தது. அந்த ஆச்சரியத்தில் வழக்கம்போலக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கட்டில் சட்டத்தின் வழியே தரை தெரிந்தது. அவளிடம் இதைச் சொல்ல முடியவில்லையே என்று அவருக்கு ஆற்றாமையாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லுப்பில் கொஞ்சம் எடுத்துப் போட்டார். துணியால் விளிம்பைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். மறுபடி நாக்கில் வைத்தார். இன்னும் கொஞ்சம் போடலாமா என்று உப்பு ஜாடிக்குப் போன கை வழியிலேயே நின்று மெல்ல மடங்கிக்கொண்டது.

மடங்கிய கையைப் பார்த்தபடி அவர் அடுப்பை அணைத்தார்.

டெபோரா எல்லாவற்றையும் அலமாரிப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த சட்டையைப் பையின் மேலேயே போட்டுவிட்டு வந்து தரையில் இரண்டு தட்டு வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் முதல் வாய் சோற்றை வெகுநேரம் மென்றாள். தலையைக் குனிந்தபடியே இன்னொரு தரம் குழம்பு ஊற்றிக்கொண்டாள். முள்ளை மட்டும் சுத்தமாக ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள், அவள் அம்மா செய்கிற மாதிரியே.

கை கழுவிக்கொண்டு வந்து, சட்டைகளை அலமாரியில் திரும்ப வைத்தாள். காலிப் பையை மடித்துத் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"எனுக்குக் கொஞ்சம் டப்பால ஊத்திக் குடு நைனா. எடுத்துக்கினு போறேன். அவரும் துன்னட்டும்."

அருள்பிரகாசம் மேல் தட்டில் டப்பாக்களைத் துழாவினார். மூடி பொருந்துகிறதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.