இரண்டு வாரக் கொசுறு

ராம்பிரசாத்துக்குக் கொசுறு இல்லாமல் எதையும் வாங்கத் தெரியாது. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக சிஞ்ச்வட் சந்தையையே இரண்டு பண்ணிவிடுவார். காய்காரிகள் அவர் தலையைக் கண்டதுமே ஒரு கொத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். இதற்காகக் காலமெல்லாம் தலையில் அடித்துக்கொண்டவள் அவர் மனைவி கனகவல்லி. ஆனால் மனிதர் ஆஸ்பத்திரியிலும் கொசுறு கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் மார்பிலிருந்த சின்னக் கட்டியை எடுத்தாயிற்று. வேறெங்கும் பரவவில்லை. இனிக் கதிர் சிகிச்சைதான் பாக்கி. ஐந்து வாரம் ஆகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோவையிலிருந்து இந்த வடக்கத்தி ஊருக்குக் குடிவந்த நாளாக லீவே போடாதவர் தொழிற்சாலையில் ஐந்து வாரம் லீவு வாங்கி வந்திருந்தார். ஆனால் டாக்டரம்மா பாபட் மூன்று வாரம் போதும் என்றார்.

எடையில் ஏமாற்றப்பட்டவர்போல ராம்பிரசாத்தின் முகம் சுருங்கியது.

"பக்கத்து ஃப்ளாட் அம்மாவுக்கு ஐந்து வாரம் கொடுத்தார்களே டாக்டர்," என்றார் இந்தியில். "இவளுக்கும் அந்த இரண்டு வாரத்தைச் சேர்த்துப் போட்டுவிடுங்கள்."

கனகவல்லிக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஆரம்ப நிலைக் கட்டி இது. இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று வாரமும் ஐந்து வாரமும் ஒரே பலன்தான் தருகின்றன. இவருக்கு இடது பக்கம். அடியில் இதயம் இருக்கிறது. தேவைக்கு மேல் கொடுப்பதில் லாபமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்."

திரும்பும்போது லோக்கல் ரயிலில் அவர் விரல்விட்டு வாரங்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

"கொறைச்சுக் குடுத்து, நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார் கடைசியில். "நீ உள்ள படுத்திருப்ப. நான் வெளிய உக்காந்து என்னத்தப் பண்ணட்டும் கனகு? கேக்கறது ஒண்ணுதான எனக்குத் தெரியும்."

கறிவேப்பிலைச் சண்டைகளையெல்லாம் அந்த நிமிடமே மன்னித்துவிட்டாள்.

"மூணு வாரமே போதுமுங்க. அந்தம்மா சொல்றதை நான் நம்பறேன்."

"நீ சொன்னாச் சரி," என்றார், மனசில்லாமல்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தோல் கொஞ்சம் கறுத்து, உடம்பு அசந்துபோனதோடு சரி. மறுநாள் காலையில் பார்த்தால் ராம்பிரசாத் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இனி வெட்டியா எதுக்கு லீவு? டியூட்டிக்குப் போறேன்."

"ஏனுங்க, அஞ்சு வாரமுன்னு தானே சொல்லீட்டு வந்தீங்க?"

"ஆஸ்பத்திரி வேலைதான் முடிஞ்சுதே."

"அதுக்குத்தான் கேக்கறேன். மிச்ச ரெண்டு வாரம் எனக்குக் கொசுறு."

ராம்பிரசாத் அவளையே பார்த்தார். அவரிடம் இதுவரை யாரும் கொசுறு கேட்டதில்லை. பிறகு குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.