பதினேழாம் நம்பர் வெல்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஆலையில் வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என் வேலை அப்படி. வெல்டர்கள் ஒட்டிய குழாய்களை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒட்டு தேறியதா இல்லையா என்று நான் எழுத வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வேன். இளகிய மனசுக்காரி யாராவது இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு வாரம் தாங்கமாட்டாள்.

என் கணவர் அதே இடத்தில் வெல்டர், பதினேழாம் நம்பர். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது அணு உலை. அதில் ஒவ்வொரு ஒட்டுக்கும் அதைப் போட்டவரின் நம்பரைப் பதிவு செய்வார்கள். அறுபது வருடம் கழித்து ஒரு குழாய் கசிந்தாலும் அது யார் கை என்று தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால் அவர் பக்கத்திலேயே இருக்கும் நிலக்கரி மின்நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் கொதிகலன் குழாய்களை ஒட்டியவர். கொடியில் வெள்ளையாகக் காயப்போட்ட துணி சாயங்காலம் சாம்பல் பூசிக்கொண்டு வீட்டுக்குள் வரும். நான் கத்துவேன். "நான் ஒட்டலேன்னா கொதிகலன் நின்னுடும், புகையும் நின்னுடும். என்னைத் திட்டு" என்பார். நானும் குறை வைக்காமல் திட்டுவேன்.

அந்த நிலையத்தை மூடுவதற்காகத்தான் பக்கத்துக் காலி நிலத்தில் இந்தச் சின்ன அணு உலை எழும்பியது. நாலு நாடுகள் கூட்டுச் சேர்ந்து ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டுகிற புது மாதிரி உலை. நாலு இடத்திலும் ஒரே அளவு, ஒரே குழாய், ஒரே ஆணி. இங்கே கற்றுக்கொண்டது அங்கேயும் உதவும், நாலு இடத்திலும் சீக்கிரம் கரியை நிறுத்தலாம் என்பது கணக்கு. ஓரிடத்தில் ஒரு தவறு நடந்தால் அது உடனே மற்ற மூன்று இடத்துக்கும் எழுதிப் போகும். காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுவார்கள். அதே குழியில் இன்னொருவர் விழக்கூடாது என்பதற்காக.

பழைய நிலையத்து வெல்டர்கள் நாற்பது பேர் உலை வேலைக்கான தேர்வுக்குப் போனார்கள். தேறியவர்கள் ஆறு பேர். ஐம்பத்தொரு வயதில் இவர்தான் முதல். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "இனிமே நான் ஒட்டுறது புகை விடாது. உன் துணிக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த மனிதர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கணவர் போட்ட ஒட்டின் படத்தை மனைவி பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் பதினேழாம் நம்பர் படங்கள் மட்டும் கம்ப்யூட்டர் வழியாகக் கூட்டாளி நாட்டில் இருக்கும் படம் பார்ப்பவருக்குப் போகும். அவர் எழுதி அனுப்பியதும் படத்தை எடுத்து அலமாரியில் அடுக்குவது மட்டும் என் வேலை.

உலையைக் குளிர்விக்கும் முக்கியக் குழாயின் கடைசி ஒட்டு இவருக்குக் கிடைத்தது. இரண்டு நாளில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: அப்பழுக்கில்லை. அவர் லேசில் அப்படி எழுதுகிற ஆள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே வைக்கலாம் என்று படத்தை விளக்குப் பெட்டியில் வைத்தேன்.

ஒட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கணவர் போட்டது இல்லை.

இவர் இடக்கைக்காரர். உருகிய இரும்பு ஆறும்போது மீன் செதில் மாதிரி வரிவரியாக நிற்கும், கை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அதில் தெரியும். நிற்கிற குழாயைச் சுற்றி ஒட்டும்போது மற்றவர்களுக்கு வரிகள் வலமிருந்து இடமாகப் போகும், இவருக்கு மட்டும் இடமிருந்து வலம். இந்தப் படத்தில் வலமிருந்து இடமாகப் போயிருந்தது. கடல் கடந்து உட்கார்ந்திருப்பவருக்கு இவர் எந்தக் கைக்காரர் என்று எப்படித் தெரியும்?

சாயங்காலம் வீட்டில் செய்தித்தாளைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன்.

"கடைசி ஒட்டு யார் போட்டது?"

"பூனை போட்டான்" என்றார். பூனை அவருடைய கூட்டாளி. சத்தமில்லாமல் நடப்பதால் அந்தப் பெயர். அவரும் தேறிய ஆறு பேரில் ஒருவர், ஒன்பதாம் நம்பர்.

"உங்க நம்பர்ல அவர் எதுக்குப் போடணும்?"

இடக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வலக்கையால் அதை அமுக்கினார், அப்போதும் நிற்கவில்லை.

"ஏழு மாசமா ஆடுது. முதல்ல எப்பவாவதுதான், அமுக்கிப் பிடிச்சு ஒட்டினேன், இப்ப நிக்கறதே இல்ல. டாக்டர் நரம்புங்கறார். சரியாகாதாம். பூனையைத் திட்டாத, நான்தான் கெஞ்சினேன். இந்த ஒண்ணு மட்டும் என் நம்பர்ல இருக்கட்டும்டா, அப்புறம் நானே ஒட்டுற டார்ச்சைக் கீழ வெச்சிடறேன்னு."

"அதுக்குப் பொய்யாப் பதிவு பண்ணுவீங்களா?"

"ஒட்டு நல்லாதானே இருக்கு? அங்க இருக்கறவரே சொல்லிட்டாரே. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதப் போறியா?"

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். பதிவில் ஒரு பொய்யை விட்டால் அப்புறம் எந்த நம்பரை நம்புவது? அப்பழுக்கில்லாத அந்த ஒட்டை வெட்டி எடுத்தார்கள். இரண்டு பேருடைய நம்பரையும் ரத்து செய்தார்கள். பார்க்கக் கூடாத படத்தைப் பார்த்ததற்கு எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உலை ஓடுவது ஒரு மாதம் தள்ளிப்போனது, அந்த ஒரு மாதமும் பழைய புகைபோக்கி புகைந்தது. இவர் சாமான் கிடங்கில் உட்கார்ந்து ரசீது பார்த்துக் கையுறை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

விஷயம் வழக்கம்போல மூன்று நாடுகளுக்கும் போனது. 'அப்பழுக்கில்லை' என்று எழுதியவரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். கை நடுங்குகிறது என்று சொன்னால் தண்டனை கிடையாது, வேறு வேலை கொடுப்பார்கள், நாலு நாட்டிலும் அதுதான் விதி. பிறகு ஏழு மாதம் ஏன் அந்த வெல்டர் சொல்லவில்லை? யாரிடம் பயந்தார்? தங்கள் ஆட்களுக்கும் அந்தப் பயம் இருக்கலாம், தெரிந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்.

மேலாளர் கேட்டபோது இவர் வாயே திறக்கவில்லையாம். "வீட்டுக்காரம்மா நீங்களே கேட்டு எழுதிக் கொண்டாங்க" என்று மேலாளர் படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"மேலாளர்கிட்டப் பயமா?"

"இல்ல. அவர் தங்கமான மனுஷன்."

"வேலை போயிடும்னா?"

"கிடங்குல வேலை இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப யார்கிட்டதான் பயந்தீங்க? வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"உன்கிட்டதான்" என்றார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"மூணாம் நம்பர்காரர் ஒட்டு தேறலன்னு நீ தள்ளிட்டு வந்த அன்னிக்கு, சாப்பிடும்போது சொன்னியே. கை ஆடுறவனெல்லாம் எதுக்கு டார்ச்சைத் தூக்கறான், வீட்ல போய் மூலைல உக்கார வேண்டியதுதானேன்னு. நானும் சிரிச்சேன். அன்னிக்குக் காலைலதான் என் கை முதல் தடவை ஆடுச்சு. உன்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. அந்த மாதிரிப் பேச்சு என் வாயிலிருந்து தினமும் நாலு வரும், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது? ஆனால் மற்றதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அரை டம்ளருக்கு மேல் டீ வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தது. நான் வேலைக்குக் கிளம்பின பிறகே சாப்பிட உட்கார்ந்தது. சவரம் செய்து கன்னத்தில் வெட்டிக்கொண்டு வந்தபோது, "கண்ணு எங்க போச்சு?" என்று நான் கத்தியது. அந்த ஏழு மாதமும் ஆலையில் நான் எத்தனை விரிசல் கண்டுபிடித்திருப்பேன்! எனக்கு அழுகை வந்தது. இவர் முன்னால் நான் அழுது வருடக்கணக்காகிறது.

"மேலாளர்னே எழுதிடு" என்றார். "நாலு நாட்டுல படிப்பாங்க. உனக்கு எதுக்கு அசிங்கம்?"

'யாரிடம்' என்ற கட்டத்தில் 'மனைவியிடம்' என்று எழுதினேன். அவர் சொன்னதை, நான் சாப்பாட்டு மேஜையில் பேசியது உட்பட, ஒரு சொல் விடாமல் கீழே எழுதினேன். எழுதி முடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் இடக்கையில் பேனாவை வாங்கினார். கையெழுத்து கட்டத்தைத் தாண்டி, நான் எழுதியிருந்த வரிகளின்மேல் கோணலாக ஓடியது. படிவம் பாழாகிவிட்டது. உடனே தலையைத் தூக்கி, திட்டு விழப்போகிறது என்று என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடமும் அப்படித்தான் பார்த்திருப்பார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.