மூன்று வினாடி பின்னால்

என் வீட்டில் எந்தக் கடிகாரமும் தப்பாக ஓடாது. சமையலறைச் சுவரில் இருப்பது, காரில் இருப்பது, படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பது எல்லாம் ஒரே நேரத்தைத்தான் காட்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி, “இவர் கோபப்படறதுகூட மணி பார்த்துத்தான்” என்று சொல்லிச் சிரிப்பாள். நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு எப்போது மூட வேண்டுமோ அப்போது மூடாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவன். அதனால் சிரிக்க மாட்டேன்.

வேலை முடிந்து வந்தால் எனக்கு ஹாம் ரேடியோதான், உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு தொடர்புகொள்கிற பொழுதுபோக்கு. அதில் டிஜிட்டல் முறை என்று ஒன்று இருக்கிறது. மைக்கைப் பிடித்துப் பேசுகிற கதையே கிடையாது. கணினியே ரேடியோ வழியாகக் கூவும், கணினியே காது கொடுத்துக் கேட்டு எழுத்தாகத் திரையில் காட்டும். பதினைந்து வினாடிக்கு ஒரு முறை. இந்த முறை இவர் என்றால் அடுத்த முறை அவர். இரண்டு பேர் கடிகாரமும் ஒத்துப்போனால்தான் நடக்கும். அதில் என்ன பெரிய பேச்சு? ரேடியோவில் நம் பெயராக இருக்கும் அழைப்புக்குறி, வரைபடத்தில் நம் ஊர் இருக்கும் கட்டம், சிக்னல் எவ்வளவு பலமாக வந்தது, நன்றி, போய் வருகிறேன். தீர்ந்தது. முகம் கொடுத்துப் பேசாத அக்கா தம்பிக்கு இதைவிட வசதியான முறை உலகத்தில் கிடைக்காது. நானும் என் அக்காவும் அதைக்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் ஆயிற்று. அப்பா இறந்தது ராத்திரி. அக்கா எனக்குச் சொன்னது மறுநாள் காலை. ராத்திரியிலேயே சொல்லியிருந்தால் நான் இருக்கிற ஆத்திரத்தில் காரை எடுத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓட்டி வந்திருப்பேனாம், அதனால் விடியட்டும் என்று இருந்துவிட்டாளாம். என் அப்பா செத்த செய்தியை எனக்கு எப்போது சொல்வது என்று முடிவு செய்ய இவள் யார்? எல்லோர் முன்னாலும் அதைக் கேட்டேன். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது.

ஆனால் அக்காவும் ஹாம் ரேடியோக்காரிதான். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் என் திரையில் அவளுடைய அழைப்புக்குறி வரும். யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூவுவாள். யார் யாரோ பதில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். என் கூவலும் அவள் திரையில் விழும், அவளும் சொல்ல மாட்டாள். தெருவில் எதிர்ப்பட்டு, பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவர்கள் மாதிரி இருந்தோம். இருந்தாலும் அந்தக் குறி வந்துவிட்டால், சரி, இருக்கிறாள் என்று எனக்கு ஒரு நிம்மதி. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான்.

திரையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறிய எண் இருக்கும். அவருடைய கடிகாரம் என் கடிகாரத்துக்கு எவ்வளவு முன்னே பின்னே என்று அது சொல்லும். ஒழுங்கான ஆட்களுக்கு ஸைபரை ஒட்டி நிற்கும். அக்காவுக்கு எப்போதும் அப்படித்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், நேர விஷயத்தில் என்னைவிடப் பொல்லாதவள். அந்த எண் ஒரு நாள் அரை வினாடி பின்னால் என்று ஆனது. இரண்டு நாள் கழித்து ஒன்றை நெருங்கியது. அடுத்த வாரம் ஒன்றரை.

கணினிக்குள் இருக்கும் கடிகாரம் மலிவான சரக்கு. விட்டால் பின்தங்கும், இல்லை முன்னால் ஓடும். இணையம்தான் அதைக் காதைப் பிடித்து இழுத்து நேரத்துக்குக் கொண்டுவருகிறது. அக்காவின் கடிகாரம் நழுவுகிறது என்றால் அவள் வீட்டில் இணையம் இல்லை. அவள் வீட்டில் வயர், இணைப்பு, பல்பு மாற்றுவது எல்லாம் அத்தான் பொறுப்பு. ஒரு நாள் இணையம் நின்றாலே தொலைபேசியில் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவர் எப்படி இதை விட்டுவைத்தார் என்று எனக்கு உறுத்தியது.

மனைவியிடம் சொன்னேன். போன் பண்ணிக் கேட்கச் சொன்னாள். அக்கா பண்ணட்டும் என்றேன். மனைவியே இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ராத்திரி அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: எல்லாரும் நல்லா இருக்கோம். மனைவி அதை நம்பினாள். நான் நம்பவில்லை. நல்லா இருக்கிற வீட்டில் கடிகாரம் இப்படி நழுவாது.

எங்கள் ரேடியோ சங்கத்தில் நெட்டையாக ஒருவர் இருக்கிறார், டவர் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கவனித்துவிட்டார். இரண்டரை வினாடியைத் தாண்டினால் யாருடைய கணினியாலும் அவளைப் படிக்க முடியாது, நான் வேண்டுமானால் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவளுக்கே தெரியும் என்றேன். தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் திரையில் உலகமே அதே அளவு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஊரில் ஒருவன் முன்னால் ஓடினால் அவன் கடிகாரம் தப்பு. எல்லோரும் ஓடினால் நம் கடிகாரம் தப்பு. இது எங்களுக்கு அரிச்சுவடி. கைபேசியைப் பார்த்துக் கையாலேயே திருத்தலாம், அரை நிமிஷ வேலை. அவள் அதைச் செய்யவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கள்கிழமை, படிக்க முடியாத சிக்னல்களும் வெறும் கோடாகத் தெரிகிற, திரையின் மேலே ஓடும் பட்டையை உற்றுப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு கோடு விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. அக்கா எப்போதும் அந்த இடத்தில்தான் கூவுவாள், வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண் மாதிரி. கூவிக்கொண்டுதான் இருக்கிறாள். யாருக்கும் கேட்கவில்லை. அவள் கணினிக்கும் யார் கூவலும் கேட்காது. வெற்றுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

எனக்குப் பாவமாக இல்லை, எரிச்சல்தான் வந்தது. அரை நிமிஷ வேலையைச் செய்யாமல் இது என்ன பிடிவாதம் என்று இரைந்தேன். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“உங்களுக்கு அவங்க மேல கோபம். சரி. அவங்க இல்லாமலே போயிடணும்னு இல்லையே?”

திரும்பி உட்கார்ந்தேன். அந்தக் கோடு இன்னும் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. கணினியின் பின்பக்கம் கையை விட்டு இணைய வயரைப் பிடுங்கினேன். இல்லாவிட்டால் அது என் நேரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். பிறகு நேரம் மாற்றும் இடத்துக்குப் போய் என் கடிகாரத்தை மூன்று வினாடி பின்னால் தள்ளினேன்.

வாழ்நாளில் நான் செய்யாத காரியம். அடுத்த சுற்றிலேயே திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. ஒரு நிமிஷத்துக்கு முன் முப்பது பேர் இருந்தார்கள், இப்போது ஒருவரும் இல்லை. இன்னொரு சுற்று காத்திருந்தேன். ஒரே ஒரு வரி வந்தது. அக்காவின் அழைப்புக்குறி, பக்கத்தில் ஸைபர்.

பதில் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். என் குறி போயிற்று. பதினைந்து வினாடி. அவளிடமிருந்து பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். பதில் இல்லை. அவள் கூவலும் நின்றுவிட்டது. என் பெயரைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு இது வேண்டும், நன்றாக வேண்டும் என்று கணினியை அணைக்கப் போனேன்.

கைபேசி அடித்தது. அக்கா.

எடுத்தேன். ஹலோகூடச் சொல்லவில்லை அவள்.

“எவ்ளோ தள்ளி வெச்சே?”

“மூணு செகண்ட்.”

பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“எல்லாரும் முன்னாடி போயிக்கிட்டே இருந்தாங்கடா. தினம் கொஞ்சம் கொஞ்சமா. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். சரி பண்ணணும்னு கை போகலை. அப்புறம் ஒருத்தருமே இல்லை.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “இன்னிக்கு நீ மட்டும் ஸைபர்ல வர்றே.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா போனபோதுகூட எல்லோரையும் கவனித்துக்கொண்டு நின்றாளே தவிர அழவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அத்தான் எங்கே என்று கேட்டேன்.

அழுகைக்கு நடுவே சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அத்தான் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், கண் திறக்கிறார், ஆனால் அக்காவை அடையாளம் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. அதே வாரம் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இணைய வயரை அறுத்துவிட்டுப் போனார்கள். ஆளைக் கூப்பிட அவளுக்கு நேரமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஒரு மணி நேரம் ரேடியோ முன்னால் உட்காருவாள், பிறகு மறுபடி ஆஸ்பத்திரி.

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. மூன்று வாரம். இந்தத் தடவையும் சொல்லவில்லை. கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் முன்னால் திரை காலியாகக் கிடந்தது, அதில் அவளுடைய அந்த ஒற்றை வரி மட்டும் நின்றுகொண்டிருந்தது. கேட்கவில்லை.

“எந்த ஆஸ்பத்திரி?” என்றேன்.

சொன்னாள். என் வீட்டிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். சரி, காலையில் முதல் வேலையாகக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுகிறேன் என்றேன்.

“காலைல வேணாம்டா,” என்றாள் அக்கா. “இப்பவே வா.”